பதினேழாம் எண் ஆட்சேபணை

வணிகர் சங்க அலுவலகத்தின் கதவைத் திறப்பதற்கு முன் மேனேஜர் பூட்டின் மேல் கை வைத்து ஒரு வரி வேண்டிக்கொள்வார். "இன்றைக்கு என்னால் யாரும் வீணாக அலையக் கூடாது, ஆண்டவனே." இருபத்தாறு வருடமாக அதே வரிதான். அதற்கு மேல் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. குடைக் கடைக்கு மேலே பதினெட்டுப் படி ஏறி வரவேண்டிய அந்த ஒற்றை அறையில், ஒரு முத்திரைக்காக நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை சுற்றறிக்கை நாள். அரசாங்கமும் நகராட்சியும் அந்த வாரம் போட்ட உத்தரவுகளைப் படித்து, கடைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரே பக்கத்தில் எழுதி, கடைக்கு ஒன்றாக அனுப்ப வேண்டும். போன மாதம் பெயர்ப்பலகையின் அகலம் மாறியது. அதற்கு முந்தைய மாதம் தராசுகளுக்கு மறுமுத்திரை. அதற்கும் முன்னால் குப்பைத் தொட்டியின் நிறம் மாறியது. மாற்றியது தவறு என்று மறுபடி பழைய நிறத்துக்கே வந்தது. சுற்றறிக்கையைப் பாதிப் பேர் படிப்பதில்லை. ஆணிக் கடைக்காரர் அதில்தான் ஆணி மடித்துக் கொடுப்பார். ஆனாலும் தெருவில் மேனேஜருக்கு 'சர்க்குலர்' என்றே பெயர். "சர்க்குலர் வர்றாரு, அடுத்து எதுக்குத் தடைன்னு கேளு" என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். ஆரம்பத்தில் அவரும் சேர்ந்து சிரிப்பார். இப்போதெல்லாம் சிரிப்பதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

அன்று பாதிப் பக்கம் தட்டியிருந்தபோது படியில் மெதுவான காலடி கேட்டது. வந்தவள் பொத்தான் கடைக்காரரின் மனைவி. அவர் இறந்து நாலு மாதம் ஆகிறது. கடையை இப்போது அவள்தான் பார்க்கிறாள்.

"உக்காரும்மா. மூச்சு வாங்குது பாரு."

"உக்காரத்தான் வந்தேன் அண்ணே. நகராட்சியில ஒரு மணி நேரம் நிக்க வச்சுட்டாங்க." இரண்டு தாள்களை மேசைமேல் வைத்தாள். "இது ரெண்டும் என்னன்னு நீங்கதான் சொல்லணும். எனக்கு ஒண்ணும் விளங்கல."

முதல் தாள் நேர்விசாரணைக்கான அழைப்பு. சந்தைத் தெருவில் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை சரக்கு வண்டிகள் நுழையக் கூடாது என்ற புதிய விதியை நகராட்சி கொண்டுவர இருந்தது. அதற்கு எழுத்தில் ஆட்சேபணை சொன்னவர்கள் வியாழக்கிழமை நேரில் வர வேண்டும். வரிசை எண் பதினேழு. அழைப்பு அவளுடைய கணவர் பெயருக்கு வந்திருந்தது.

இரண்டாவது தாள் நகராட்சியின் உரிமப் பிரிவிலிருந்து. கடை உரிமத்தைக் கணவர் பெயரிலிருந்து தன் பெயருக்கு மாற்றித் தரும்படி அவள் கொடுத்திருந்த மனு நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. 'உரிமதாரர் காலமானதாகக் கூறப்படும் தேதிக்குப் பிறகு, அவர் கையெழுத்துடன் ஆட்சேபணைக் கடிதம் வந்துள்ளதால், விளக்கம் தேவை.'

"அவரு போய் நாலு மாசம். போன மாசம் கடிதாசு எழுதியிருக்காராம்" என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "ஒண்ணு அவரு சாகல, இல்லன்னா நான் அவரு கையெழுத்தப் போட்டேன். ரெண்டுல எதுன்னு சொல்லும்மான்னு கேக்கறாங்க. மாசக் கடைசியில பழைய உரிமம் முடியுது. அதுக்குள்ள மாத்தித் தரலன்னா ஷட்டர இறக்க வேண்டியதுதான்."

மேனேஜரின் கண் தானாகவே மூலையில் இருந்த இரும்பு அலமாரிக்குப் போனது.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர்கள் நூற்று எண்பத்தாறு பேர். எந்த விதிக்கும் ஆட்சேபணை சொல்ல நகராட்சி பதினைந்து நாள்தான் தரும். அதற்குள் ஒருவர் சரக்கு எடுக்க வெளியூர் போயிருப்பார், இன்னொருவர் மகள் கல்யாணத்தில் இருப்பார், மற்றொருவர் "நாளைக்கு வாங்க" என்பார். எதற்கு இந்த அலைச்சல் என்று, ஆண்டின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு கடையிலிருந்தும் அவர்களுடைய லெட்டர்பேடில் ஐந்து தாள் வாங்கி அந்த அலமாரியில் வைத்துவிடுவார் மேனேஜர். மேலே வெறும் வெள்ளை, கீழே கையெழுத்து. விதி வந்ததும் எல்லாத் தாளிலும் ஒரே வாசகத்தை அச்சடித்து, கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். கடைக்காரர்கள் தாங்கள் எதை ஆட்சேபித்தோம் என்பதைச் சுற்றறிக்கையில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். படித்தால்.

பொத்தான் கடைக்காரர் இறந்ததும் பட்டியலிலிருந்து பெயரை எடுத்திருக்க வேண்டும். அவர் எடுக்கவில்லை. உரிமம் உள்ளவர்தான் உறுப்பினராக முடியும். பெயரை எடுத்துவிட்டால், புது உரிமம் வரும்வரை அந்தப் பெண்ணுக்குச் சங்கம் எந்தக் கடிதமும் கொடுக்க முடியாது. சில மாதம் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவைத்தார். யாருக்கும் சொல்லாமல் செய்த அந்தச் சிறிய உதவிதான் இப்போது இரண்டு தாள்களாக மேசைமேல் கிடந்தது.

"இது என் தப்பும்மா" என்றார். அலமாரி வழக்கத்தை மறைக்காமல் சொன்னார்.

அவள் இரண்டு தாள்களையும் மடித்து எடுத்துக்கொண்டாள். பிறகு, "தெரிஞ்சு செஞ்சிருக்க மாட்டீங்க" என்றாள். அவர் ஊற்றிக் கொடுத்த தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

சங்கத் தலைவருக்குப் பெயிண்ட் கடை. மேனேஜர் போனபோது அவர் ஒரு டின்னைக் குலுக்கும் இயந்திரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அது நிற்கும்வரை பேச முடியாது. நின்றதும் விஷயத்தைக் கேட்டார். மூடியைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே யோசித்தார்.

"அந்தம்மா தானே போட்டதாச் சொல்லிடட்டுமே. புருஷனுக்குப் பதிலா பொண்டாட்டி போட்ட கையெழுத்து. தூக்குல போட்டுருவாங்களா?"

"உரிமம் தர மாட்டாங்க தலைவரே."

"நீங்க போய் வெள்ளைத்தாள்ல கையெழுத்து வாங்கி வச்சிருந்தோம்னு சொன்னீங்கன்னா நூத்தி எண்பத்தாறும் குப்பைக்குப் போகும். பகல்ல லாரி வரலன்னா இந்த டின்னையெல்லாம் நான் தலையில தூக்கிட்டு வரணுமா? என்கிட்ட வேலை பாக்கற பொம்பளைங்க ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து சரக்கு இறக்குவாங்களா? அவங்க வீட்டுல புள்ளைங்க இல்ல?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் மேனேஜருக்கு ஆயாசமாக இருந்தது. எதிரில் இருப்பவர் கெட்டவராக இருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"உங்க வயசுல வேற வேலை கெடைக்கறது கஷ்டம், சர்க்குலர்" என்றார் தலைவர். மிரட்டவில்லை, உண்மையான கவலையோடுதான் சொன்னார்.

மறுநாள் பிற்பகல் நாலு மணிக்கு மேனேஜர் பொத்தான் கடைக்குப் போனார். வாசலை அடைத்தாற்போல் ஒரு லாரி நின்றது. சுவருக்கும் அதற்கும் நடுவே உடம்பைத் திருப்பித்தான் உள்ளே போக முடிந்தது. பகலிலேயே விளக்கு எரிந்தது. தரையிலிருந்து கூரைவரை சின்னச் சின்ன அட்டைப்பெட்டிகள்; ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருப்பதில் ஒரு பொத்தான் தைக்கப்பட்டிருந்தது.

"யோசிச்சுட்டேன் அண்ணே" என்றாள் அவள். "நான்தான் போட்டேன்னு சொல்லிடறேன்."

"தலைவர் பேசினாரா?"

"போன் பண்ணாரு. ஆனா அவரு சொன்னதுக்காக இத நான் சொல்லல. எங்க வீட்டுக்காரரு போன அன்னிக்குத் தெரு முழுக்க ஷட்டர் இறங்கியிருந்துச்சு, பாத்தீங்கல்ல? பொத்தான் வித்த மனுஷனுக்கு. அந்தப் பெயிண்ட் கடைக்காரரு தோள் குடுத்துத் தூக்கிட்டுப் போனாரு. அத்தன பேரு கடிதாசும் என் ஒருத்தியால குப்பைக்குப் போகணுமா? எனக்குத் தையல் தெரியும். வீட்டுல உக்காந்து எதையாவது தைச்சுப் பொழைச்சுக்குவேன்."

அவள் மேனேஜரின் சட்டைக் கையைப் பார்த்தாள்.

"பொத்தான் எங்க அண்ணே?"

"எங்கயோ விழுந்துடுச்சு."

"அண்ணி பாக்கலையா?"

"பாத்தா. அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியல, எனக்கு நூல் கோக்கத் தெரியல. அப்படியே ஓடிட்டிருக்கு."

அவள் நாற்காலிமேல் ஏறி, பார்க்காமலே ஒரு பெட்டியை இழுத்தாள். சாம்பல் நிறம், நாலு துளை. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டைப் பிடித்துத் தைக்கத் தொடங்கினாள். "ஆட்டாதீங்க, குத்திடும்."

கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் வாசலைப் பார்த்தார். லாரியின் பக்கவாட்டுப் பலகை தவிர வேறெதுவும் தெரியவில்லை. "இது எப்ப போகும்?"

"இது போனா இன்னொண்ணு வரும். எதிர்ல பெரிய கடைங்களுக்கு இறக்கறாங்க, இங்கதான நிழல். வெளியில நின்னு பாத்தா இங்க ஒரு கடை இருக்கறதே தெரியாது."

"உன் வீட்டுக்காரரு இதுக்கு என்ன சொல்லுவாரு?"

"தெனமும் திட்டுவாரு. டிரைவர் காதுல விழாத மாதிரி" என்று சொல்லி, நாலு மாதத்தில் முதல் தடவையாக அவள் சிரிப்பதை அவர் பார்த்தார்.

மேனேஜர் சிரிக்கவில்லை. 'சரக்கு வண்டிகள் பகலில் வந்து நிற்பதே எங்கள் வாழ்வாதாரம்' என்று அந்த மனிதர் பெயரில் அச்சடித்தது அவர்தான். உயிரோடு இருந்த காலத்தில் ஒரு தடவைகூட அவரைக் கேட்டதில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "இன்னும் பத்து வருஷத்துக்கு விழாது" என்றாள் அவள்.

அன்று சாயங்காலம் வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேலை போனா என்ன, இந்த வீட்டுல இருக்கறது ரெண்டு பேரு. பகலெல்லாம் சண்டை போடலாம், பொழுது போகும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கேட்டா உண்மையச் சொல்லுங்க. கேக்கறதுக்கு முன்னாடி சொன்னா இன்னும் நல்லது" என்றாள்.

வியாழக்கிழமை நகராட்சிக் கூடத்தில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள், பாதிக்குமேல் காலி. விசாரணை அதிகாரிக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி ஒவ்வொருவரையும் எண்ணால் அழைத்து, அவர்களுடைய கடிதத்தை உரக்கப் படித்து, "இதுதான?" என்று கேட்டார். எல்லோரும் "ஆமாங்க" என்றார்கள். பதினாறாவது கடிதம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாரும் ஒரே பள்ளிக்கூடமா?" என்றார். "கமா கூட ஒரே எடத்துல இருக்கு. பதினேழு."

பொத்தான் கடைப் பெண் எழுந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் மேனேஜர் எழுந்துவிட்டார்.

"ஐயா, அந்தம்மா உக்காரட்டும். பதினேழுக்கு நான் பதில் சொல்றேன்."

கூடத்தின் நடுவே நடந்து போனார். பையிலிருந்து நாலு தாளை எடுத்து அதிகாரியின் முன்னால் வைத்தார். மேலே வெள்ளை, கீழே இறந்துபோனவரின் கையெழுத்து. "இது அஞ்சாத்தான் இருந்துச்சு. அஞ்சாவது உங்க கையில இருக்கு. அச்சடிச்சது நான். அவரு போனதுக்கப்பறமும் பேரைப் பட்டியல்ல விட்டுவச்சேன், தாளைத் தனியா எடுத்து வைக்க மறந்துட்டேன். அந்தம்மாவுக்கு எதுவும் தெரியாது."

அதிகாரி ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "இது ஒண்ணு மட்டுமா, எல்லாமே இப்படித்தானா?"

முன்வரிசையில் இருந்த தலைவர் கண்ணை மூடிக்கொண்டது மேனேஜருக்குத் தெரிந்தது. 'இது ஒண்ணுதான்' என்று சொல்லிவிட்டால் எல்லோரும் பிழைத்துக்கொள்ளலாம். அந்தப் பெண்ணுக்கும் உரிமம் கிடைத்துவிடும். அப்படிச் சொல்வதற்கு அதிகாரியே இடம் விட்டுத்தான் கேட்டார் என்றும் தோன்றியது. ஆனால் ஒரு பொய்யைச் சரிசெய்ய வந்த இடத்தில் இன்னொன்றை வைத்துவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை.

"எல்லாமே இப்படித்தான் ஐயா."

நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ பின்னால், "போச்சு!" என்றார்.

அதிகாரி கோபப்படவில்லை. கோபப்படுவதற்கும் அவரிடம் எதுவும் மிச்சமில்லை போலிருந்தது. "அப்ப இதுல ஒண்ணையும் நான் எடுத்துக்க முடியாது" என்றார். பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டி விரல் வைத்தார். "நேர்விசாரணை நாள் அஞ்சு மணிக்குள்ள கைப்பட எழுதிக் குடுக்கறதெல்லாம் வாங்கிக்கலாம்னு இருக்கு. யாரும் இதப் படிக்கறதில்ல. ஒரு வரி எழுதினாலும் போதும். ஆனா அவங்கவங்களே எழுதணும்."

அது போன மாதச் சுற்றறிக்கை ஒன்றின் கடைசி வரியில் இருந்தது. எழுதியவரே மறந்திருந்தார்.

"நீங்க இப்ப சொன்னத உங்க பேருல எழுதி, தேதி போட்டுக் குடுங்க" என்றார் அதிகாரி. மேனேஜர் எழுதிக் கொடுத்ததும் அதிகாரி அதில் ஒரு குறிப்பு எழுதி, பியூனுக்காகக் காத்திருக்காமல், தானே எழுந்து உரிமப் பிரிவுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

வெளியே வராந்தாவில் தலைவர் நின்றிருந்தார். "திங்கக்கிழமை கமிட்டி கூடும். சாவியோட வந்துடுங்க." அவ்வளவுதான் சொன்னார்.

மணி பன்னிரண்டு. மேனேஜர் பதினெட்டுப் படி ஏறி அலமாரியைத் திறந்து, மீதியிருந்த எல்லாத் தாள்களையும் இரண்டு பைகளில் அடைத்தார். தெருவின் ஒரு முனையில் தொடங்கினார். ஒவ்வொரு கடையிலும் அவரவர் கையெழுத்திட்ட வெள்ளைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஒரு புதுத்தாளை நீட்டினார்.

"என்ன எழுதணும்?" என்றார் ஆணிக் கடைக்காரர்.

"லாரி விஷயத்துல உங்களுக்கு என்ன தோணுதோ, அத."

"எனக்கு என்ன தோணுதுன்னு இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லையே. திடீர்னு கேட்டா?" அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கால் மணி நேரம் யோசித்தார். லாரி காலை பத்து மணிக்குள் வந்து போய்விட்டால் தனக்குப் போதும் என்று நாலு வரி எழுதினார்.

பூட்டுக் கடைக்காரர் திட்டினார். "உங்களுக்கு எதுக்கு இந்த அரிச்சந்திர வேஷம்? எல்லாரையும் தெருவுல நிறுத்திட்டீங்க." திட்டி முடித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். சிலர் எழுதவில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குடைக் கடை அம்மாள் லாரிகளே வேண்டாம் என்று எழுதினாள். ஐந்து வருடமாக அதைச் சொல்லக் காத்திருந்தாளாம். "சொல்லியிருக்கலாமே, என் ஆபீசுக்குக் கீழதான இருக்கீங்க" என்றார் மேனேஜர். "நீங்கதான் எப்பவும் டைப் அடிச்சிட்டே இருப்பீங்களே" என்றாள்.

நாலே முக்காலுக்கு அவர் கையில் எழுபத்தொரு தாள் இருந்தது. இருபதுக்கு மேல் விதிக்கு ஆதரவாகவே இருந்தன. நூற்று எண்பத்தாறு பேர் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்று இத்தனை வருடம் எழுதியதை நினைத்து நகராட்சிப் படியில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டார். கால் வலித்தது. ஆண்டவன் தன் வேண்டுதலை வேறுவிதமாக நிறைவேற்றிவிட்டானோ என்று நினைத்தார். இன்று அலைந்தது அவர் ஒருவர்தான்.

உள்ளே, தாள் வாங்கும் சாளரத்தின் முன்னால் தலைவர் நின்றிருந்தார். கையில் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதிய ஒரு தாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. வெகுநாளாகக் கணினியிலேயே பில் போட்டுப் பழகிய கை. மேனேஜரையும் அவருடைய பைகளையும் பார்த்தார். ஒதுங்கி நின்றார்.

"நீங்க முதல்ல குடுங்க. கனமா இருக்கும்."

திங்கட்கிழமையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மேனேஜரும் கேட்கவில்லை.

ஐந்தரை மணிக்குப் பொத்தான் கடை வாசலில் லாரி இல்லை. கடையை அவர் முதல் தடவையாகத் தெருவிலிருந்தே பார்த்தார். பெட்டிகளின் முகப்புகள் வெயிலில் பளபளத்தன.

"நானும் எழுதிக் குடுத்துட்டேன் அண்ணே" என்றாள் அவள். "லாரி வரட்டும், ஆனா என் வாசல்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிக்க வேண்டாம்னு. அவரு திட்டினதக் கொஞ்சம் மரியாதையா எழுதினேன்."

"என் கடிதத்த உன் ஃபைல்ல சேத்துட்டாங்க. பத்து நாள்ல உரிமம் வரும்னாங்க. திங்கக்கிழமைக்கு அப்புறம் எனக்கு வேலை இருக்கோ இல்லையோ, நானே போய் வாங்கிட்டு வந்து தர்றேன். நீ அலையாத."

பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்தார். "நாலுல ஒண்ண அதிகாரி வச்சுக்கிட்டாரு. இது உன்னோடது."

அவள் வாங்கிக்கொண்டாள். மேலே இருந்த வெள்ளையையே வெகுநேரம் பார்த்தாள். "எப்பப் போட்டாரு இத?"

"வருஷ ஆரம்பத்துல. இங்கயேதான், நின்னுக்கிட்டே போட்டாரு. பேனா எழுதலன்னு உதறினாரு. ஒண்ணுல மை தெறிச்சிருக்கும், பாரு."

அவள் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். மூன்றாவதில், கையெழுத்துக்குப் பக்கத்தில், ஒரு பொட்டு மை இருந்தது. அதன்மேல் விரலை வைத்தாள்.

மேனேஜர் கடைக்கு வெளியே வந்து, முதுகைக் காட்டியபடி நின்றார். தெருமுனையில் ஒரு லாரி திரும்பிக்கொண்டிருந்தது. பொத்தான் தைத்த கையை உயர்த்தி, கொஞ்சம் தள்ளி நிறுத்தும்படி டிரைவருக்குச் சைகை காட்டினார்.